அக்கா பயன் சொன்ன நாவல்கள்

அக்காவின் மூச்சு அடங்கிய அந்தப் பின்னேரத்தில், நாவற்குடா வீட்டின் முன்னறையில் அம்மா இருந்தார். அத்தான் அக்காவின் கால்மாட்டில் இருந்தார். நான் பாடசாலையால் வந்து சட்டைகூட மாற்றாமல் தலைமாட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வாசற்படியில் நின்றார். அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள். அக்காவுக்கு நாவல் வாசித்த காத்தான்குடி ராத்தாவும் அன்று இருக்கவில்லை. அவர் ஓட்டமாவடியில், தம் தங்கை மகளின் கலியாண வீட்டில் இருந்தார்.

இந்த மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களில் சிலர், முப்பத்தோராம் நாளன்று என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்த முக்காடு போட்ட அம்மா ஆர்? கிரியை வீட்டுக்கு ஏன் மொத்தமான புத்தகம் ஒண்டோட வந்திருக்கா?" என்று கேட்டார்கள். பந்தி கவனிக்கிற அவசரத்தில் அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஓராண்டு நிறைவு மலருக்கு எழுதும்படி அத்தான் சொன்னபோது, அந்தக் கேள்விக்கான பதிலையே எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கு அக்கா கேட்ட நாவல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வாழ்க்கையும் அவற்றுக்கிடையில் வந்துவிடும்.

அக்கா வாவிக்கு அப்பால், படுவான்கரையில் பிறந்தவர். அப்பா பிறருடைய வயல் வட்டையில் கூலிக்கு வேலை செய்தார். அம்மா நெல் அறுக்க, அருவி வெட்டுக்குப் போவார். அக்கா மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் பிறந்தேன். அம்மா வேலைக்குப் போனால் என்னைப் பார்க்க ஆளில்லை என்பதால் அக்காவின் படிப்பு அதோடு நின்றது. அதன்பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. வாவியைத் தோணியில் கடந்து இந்தக் கரைக்கு வந்து, பல இடங்களில் இருந்து, கடைசியில் நாவற்குடாவில் ஒரு துண்டு நிலத்தில் தங்கினோம். அப்பா இல்லாமற்போன பிறகு அக்கா தையல் பழகினார். காத்தான்குடிப் புடவைக் கடைகளுக்கு உள்பாவாடையும், தை மாதத்தில் பாடசாலைச் சீருடையும் தைத்துக் கொடுத்தார். என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான் என்று மற்றவர்கள் சொல்லும்போது அக்கா நூலைக் கோர்த்துக்கொண்டிருப்பார்.

அத்தான் மேசன் வேலை செய்கிறவர். கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த வீட்டின் தூணாக இருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அக்கா யாரிடமும் கதைத்து நான் கேட்டதில்லை.

நாவல் வாசிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கதைப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் எனக்கு அவ்வளவாக இருந்ததில்லை. பொது நூலகத்தில் சேர்ந்த புதிதில், எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு துப்பறியும் நாவலைக் கொண்டுவந்து முன்னறையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தையல் மெசின் நின்றது.

"தம்பி, நீ தனியச் சிரிக்கிறாய். என்னத்துக்கெண்டு சொன்னா நாங்களும் சிரிப்பம்தானே."

"கதை அக்கா."

"அதென்ன, படிச்ச ஆக்களுக்கு மட்டும்தானா? உரத்து வாசி. கை வேலை செய்யும், காது சும்மாதானே இரிக்கு."

அன்று தொடங்கியது. பாடசாலையால் வந்து தேத்தண்ணி குடித்த பிறகும், ஞாயிறு பகலிலும் நான் வாசிப்பேன், அக்கா தைப்பார். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார் அல்லவா? அக்கா சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர். நாவலுக்கும் அதுதான் முறை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அத்தியாயம் முடியவும், "நில்லு, பயன் சொல்ல வேணும்" என்பார். பயன் சொல்லி முடியாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியாது.

துப்பறியும் நாவல்களில் அக்கா இரண்டாம் அத்தியாயத்திலேயே கொலைகாரரைப் பிடித்துவிடுவார். ஒவ்வொரு முறையும் பிழைக்கும். முதலாவது நாவலில் அரிசி ஆலை முதலாளி கொலையாகிறார். கணக்கப்பிள்ளைதான் கொன்றவர் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடைசியில் வேறொருவர் பிடிபட்டதும் அவருக்குக் கோபம் வந்தது.

"கணக்கப்பிள்ளைதான் செய்திரிக்க வேணும். எழுதினவருக்கு விசயம் தெரியல்ல."

"அக்கா, எழுதினவர்தானே அந்தக் கதையையே உண்டாக்கினவர்."

"அதுக்கு? பெத்தவளுக்குப் பிள்ளையப் பற்றி எல்லாம் தெரியுமா?"

பிறகு ஒரு பேய்க்கதை. பழைய வாடி வீட்டில் தங்கப் போன நான்கு பேர், அங்கே திரியும் ஒரு பெண்ணின் ஆவி. அக்கா அதை ஒரு சிரிப்புக் கதையாகவே கேட்டார். குசினிக்குள் இருந்த அம்மாதான் பயந்தார். "எனக்கு உங்கட கதை ஒண்டும் வேணாம்" என்று எப்போதும் சொல்கிற அம்மா, அடுத்த நாள் காலையில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தார். அம்மா குசினியில் இருந்தபடி எல்லா நாவல்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா அதைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அதன்பிறகு நான் இன்னும் கொஞ்சம் உரத்து வாசித்தேன்.

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர் குடியேறுகிற நாவலை நான் எனக்காகவே எடுத்தேன். கண்ணாடிக் கூரைக்குள் ஊர், காற்றை அளந்து விடுகிறார்கள். விஞ்ஞானம் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டு வாசிக்க, அக்காவுக்கு வேறு சந்தேகங்கள். அங்கே மழை பெய்யாவிட்டால் வட்டைக்குத் தண்ணீர் எப்படி? கலியாண வீட்டுக்குப் பந்தல் போட்டால் கண்ணாடியில் முட்டாதா? கடைசியில், "பாவம், அதுகளுக்கு வாவி இல்லையே" என்று பயன் சொல்லி முடித்தார்.

காதல் நாவல்களில் அவருக்குப் பொறுமை இல்லை. அவன் ஒரு ஊரில் இருந்து ஏங்குவான், அவள் ஒரு ஊரில் இருந்து ஏங்குவாள். "ரெண்டு பேரிட்டயும் போன் இரிக்கு. ஒரு கோல் எடுத்தா முடியிற கதைய இவ்வளவு நீட்டுறாரே!" என்பார். ஆனாலும் அந்த நாவலை நடுவில் விட அவர் சம்மதிக்கவில்லை. எந்த நாவலையும் நடுவில் விட்டதில்லை. பிடிக்காத கதையையும் முடிவுவரை கேட்டுவிட்டுத்தான் ஏசுவார்.

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றை மட்டும் அவர் ஏசாமல் கேட்டார். கப்பல் உடைந்து, சின்னப் படகில் தனியே மிதக்கும் ஒருவரின் கதை. அதில் ஒரு அத்தியாயத்தில் அலையோசையைத் தவிர வேறு எதுவும் நடக்காது. மெசின் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"அம்மா தோணியில முன் அணியத்தில இருந்தா," என்றார் அக்கா. "நீ என்ட மடியில. நீ அழுதா தோணிக்காரன் ஏசுவான் எண்டு உன்ட வாயில என்ட விரல வைச்சிருந்தன். நீ சூப்பிக்கொண்டே வந்தாய்." பிறகு, "வாசி" என்றார். அன்றைய பயன் அவ்வளவுதான்.

எனக்கு அதுவரை வாவியைக் கடந்த கதை தெரியும். என் வாயில் இருந்த விரலைப் பற்றித் தெரியாது. ஒரு நாவல் எதற்கு என்று பாடசாலையில் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுகிறேன். எங்கோ, எவரோ எழுதிய கடலைக் கேட்டதால் எங்கள் வாவியில் நடந்தது எனக்குக் கிடைத்தது.

அக்காவுக்கு வயிற்றில் வருத்தம் வந்து, வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாகத் திரிந்து, இனி வீட்டிலே வைத்துப் பார்க்கலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு மெசினுக்குத் துணி போட்டு மூடினோம். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த முறை பெரிய கதையா எடு. கனக்க நாளைக்கு இரிக்க வேணும்."

நூலகத்தில் மூன்று பாகமாக வந்த ஒரு குடும்ப நாவல் இருந்தது. மலைநாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், றெயில் பாதையைக் கடக்கும் இடத்தில் கேற் பூட்டித் திறக்கிற ஒருவர், அவர் மனைவி, மூன்று பெண்பிள்ளைகள். முதற் பாகத்தின் முடிவில், கலியாணப் பேச்சில் வந்த சண்டையில் மூத்த மகள் வீட்டை விட்டு இறங்குகிறாள். "இனி இந்தக் கேற் உனக்குத் திறக்காது" என்று தகப்பன் சொல்லிவிடுகிறார். அக்கா இரண்டு நாள் அந்தத் தகப்பனோடு கோபமாக இருந்தார்.

அடுத்த பாகத்தை எடுத்துவந்தேன். முதுகில் பாக எண் இருந்த இடம் கிழிந்து போயிருந்தது. நூலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பதால் நான் பார்க்காமலே எடுத்துவிட்டேன். முதற் பக்கத்தில் மூத்தவள் றெயிலை விட்டு இறங்குகிறாள். தலையில் நரை. கையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை.

"நில்லு, நில்லு. இவள் எப்ப பிள்ளை பெத்தவள்?"

"தெரியாது அக்கா. பிறகு சொல்லுவார் போல."

"எப்ப நரைச்சது? நேற்றுத்தானே வீட்டால போனவள்!"

உள்ளே பார்த்தேன். மூன்றாம் பாகம். இரண்டாம் பாகம் நூலகத்திலிருந்து எப்போதோ காணாமற் போய்விட்டதாம். நான் அக்காவிடம், முன்கதையை இதிலேயே எங்காவது சொல்லியிருப்பார்கள், இதையே வாசிப்போமா என்று கேட்டேன்.

"நடுவ விட்டுட்டு முடிவக் கேட்கிறது செத்த வீட்டுக்குப் போகாம எட்டாம் நாளுக்குப் போற மாதிரி. சோறு கிடைக்கும், மரியாதை இரிக்காது. அந்தப் பிள்ளை ஆருடையது எண்டு தெரியாம நான் ஒரு பக்கமும் கேட்கமாட்டன்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் உண்மையாகத்தான் சொன்னார். கையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தப் பிள்ளை யாருடையது என்பது அந்த நாட்களில் எங்கள் வீட்டின் பெரிய கேள்வியாகிவிட்டது.

பாடசாலையில் கேட்டேன். பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் கேட்டேன். கிடைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு கதைப் புத்தகமும் திறந்து பார்க்காத அத்தான்தான் கடைசியில் கண்டுபிடித்தார். அக்கா கடைசியாகத் தைத்த பாவாடைக் கட்டைக் கொடுக்கக் காத்தான்குடிக் கடைக்குப் போனவர், முதலாளியிடம் வெட்கத்தோடு, "உங்கட ஆக்களில நாவல் வாசிக்கிற ஆராவது இரிக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலாளி சிரித்தாராம். "அட மேசன் தம்பி, என்ட ஊட்டுக்காரியிட்டக் கேளுங்க. கறி கருகினாலும் புத்தகத்த வெக்கமாட்டா."

அந்த வீட்டுக்காரிதான் ராத்தா; காத்தான்குடியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் சின்ன வயதில் வாசித்த நாவல் அது. ஒரு காலத்தில் மூன்று பாகமும் அவரிடம் இருந்தன. முதலாம் பாகத்தை ஒருவர் இரவல் வாங்கிப் போய்க் கொடுக்கவில்லை. மூன்றாம் பாகத்தை, அவர் வாசிப்பதற்கு முன்பே வீட்டில் யாரோ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, இரண்டாம் பாகம் மட்டும் வைத்துக்கொண்டு, மூத்தவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அவரும் இத்தனை காலமும் இருந்திருக்கிறார்.

ஆனால் புத்தகத்தை அத்தானிடம் கொடுக்க மறுத்துவிட்டார். "குடுத்த புத்தகம் ஒண்டும் ஊட்டுக்குத் திரும்பினது இல்ல. இதக் குடுக்கமாட்டன். நானே கொண்டு வாறன்" என்றிருக்கிறார்.

அடுத்த நாள் பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. கக்கத்தில் புத்தகத்தோடு ராத்தா இறங்கினார். கட்டிலில் சாய்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் ஒருமுறை மாறியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"மூணாம் பாகம் ஒங்களிட்டயாமே?"

"ரெண்டாம் பாகம் உங்களிட்டயாமே?" என்றார் அக்கா.

"எங்க, காட்டுங்க பாப்பம்."

"முதல்ல நீங்க காட்டுங்க."

இரண்டு பேரும் சீதனம் பேச வந்த சம்பந்திகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்து பார்த்தார்.

அன்றுமுதல் வாசிக்கிற வேலை என்னிடமிருந்து போய்விட்டது. ராத்தாதான் வாசித்தார். நான் ஒரே குரலில் வாசிப்பேன். ராத்தா தகப்பனுக்கு ஒரு குரல், தாய்க்கு ஒரு குரல், றெயிலுக்கு ஒரு குரல் வைத்து வாசிப்பார். ஆனால் ஆறு, மரம், மலை என்று வர்ணனை வந்தால் பக்கத்தைத் தாண்டிவிடுவார். அக்கா கண்ணை மூடியிருந்தாலும் பிடித்துவிடுவார்.

"என்ன ராத்தா, பக்கம் கெதியாப் பிரளுது?"

"மரத்தப் பத்திச் சொல்றான் புள்ள. அத உடுவம்."

"விடாதீங்க. அந்த மனிசன் பாடுபட்டு எழுதினவர்தானே."

"நீங்க பொல்லாத ஆள்" என்று சொல்லிக்கொண்டு ராத்தா பக்கத்தைப் பின்னுக்குத் திருப்புவார்.

நோன்பு தொடங்கியது. அப்போதும் பின்னேரங்களில் வந்தார். தண்ணீரும் குடிக்காமல் வாசிக்கிறாரே என்று அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. "தொண்டை காயும் ராத்தா, நோன்பு முடியட்டும்" என்றார். "வாசிச்சாத்தான் புள்ள பசி தெரியாது" என்றார் ராத்தா. சில நாட்களில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் வீட்டுக்கு ஓடிவிடுவார். வேறு எதுவும் இறங்காத அந்த நாட்களில் அந்தக் கஞ்சி இரண்டு மூன்று கரண்டி இறங்கியது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் அந்தப் பிள்ளை யாருடையது என்று தெரிந்தது. மூத்தவள் ஒரு நெசவு ஆலையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்தவள் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். கேட்க ஆளில்லாத பிள்ளையை மூத்தவள் தூக்கிக்கொள்கிறாள். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ராத்தா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டால் துடைத்தார். பயன் சொல்லுகிற முறை இப்போது ராத்தாவுக்கும் தெரியும். அக்கா பயன் சொல்லும்வரை காத்திருந்தார்.

"அப்ப அது அவளுடைய பிள்ளைதான்" என்றார் அக்கா. எல்லாவற்றையும் தீர்த்துவிட்டவர் போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார்.

மூன்றாம் பாகத்தைத் தொடங்கும்போது இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். இனி இரண்டு பேருக்கும் தெரியாத கதை. ஆகவே ஒருவரை விட்டுவிட்டு ஒருவர் முன்னே போகக் கூடாது. இப்போது கேள்வி வேறு. தகப்பன் அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் கேற்றைத் திறப்பாரா, மாட்டாரா? திறப்பார் என்று ராத்தா. "இந்த ஆள் திறக்கமாட்டார், பாருங்க" என்று அக்கா. கொலைகாரரைப் பிடித்த அதே நம்பிக்கை.

பெருநாள் முடிந்து, கடைசி அத்தியாயங்கள் சில மட்டும் இருக்கும்போது ராத்தா ஓட்டமாவடிக்குக் கலியாணத்துக்குப் போக வேண்டி வந்தது. தாய் இல்லாத வீட்டில் தங்கை மகளுக்கு இவர்தான் முன்னுக்கு நிற்க வேண்டும்.

"நான் வாறவரைக்கும் தொடக் கூடாது. தம்பி, நீங்களும்தான்."

"நீங்களே கொண்டு போங்க ராத்தா," என்றார் அக்கா. "இஞ்ச இரிந்தா எனக்கு ஆசை வரும்."

ராத்தா யோசித்தார். பிறகு, எவருக்கும் கொடுக்காத தம்முடைய இரண்டாம் பாகத்தை அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கள் நூலகப் புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அக்காவுக்குக் கடுமையாகிவிட்டது. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. என்னைப் பின்பக்கம் அழைத்து, "மனே, நீ பஸ் எடுத்துப் போய் அந்தப் புத்தகத்த வாங்கி வா. என்ட பிள்ளை முடிவக் கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். நான் வெளிக்கிட்டேன். அக்காவுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது, கூப்பிட்டார்.

"எங்க போறாய்?"

"ஓட்டமாவடிக்கு."

"கலியாண வீட்டில அவவக் குழப்பாத."

"அப்ப போன் எடுக்கிறன் அக்கா. போனிலயாவது வாசிப்பா."

"வேணாம். அவவும் கேட்காமத்தானே இரிக்கிறா." கொஞ்சம் மூச்செடுத்துவிட்டு, "சொன்னது சொன்னதுதான். அவ வரட்டும்" என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அக்கா போய்விட்டார்.

கலியாண வீட்டில் ராத்தாவின் போன் யாருடைய பையிலோ இருந்திருக்கிறது. நல்லடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. பஸ்ஸால் இறங்கி நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். மருதோன்றி நிறம் மாறாத கையில் அந்தத் துணிப் பொட்டலம். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "என்னை உட்டுட்டு முன்னுக்குப் போயிட்டாவே" என்று அழுதார்.

அம்மா அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தார். பொட்டலத்தைத் தரும்படி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நான் தொறக்கல்ல தம்பி. இனித் தொறக்கவும் ஏலாது. அவவும் நானும் ஒரே பக்கத்திலதான் நிக்கிறம்."

முப்பத்தோராம் நாளுக்கு முன்தினம் அம்மா என்னிடம் ஒன்று சொன்னார். கதையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று எப்போதும் சொல்லிவந்த அம்மாதான் சொன்னார்: "அந்தப் பொம்பிளையக் கூப்பிடு. மிச்சத்த இஞ்ச வாசிக்கச் சொல்லு. நாளைக்குப் படைக்கக்குள்ள அவளுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கிறம். இத மட்டும் ஏன் விடுவான்?"

ராத்தா வந்தார். கிரியை முடிந்து, படையலுக்கு முன்னால், அக்காவின் படத்துக்கு எதிரே கதிரை போட்டு இருந்து துணியை அவிழ்த்தார். வந்திருந்த பெண்கள் சுற்றி இருந்தார்கள். அத்தான் கதவோரம் நின்றார். ராத்தா வாசித்தார். ஒரு மரத்தையும் விடவில்லை.

கதையில் மூத்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேற்றுக்கு வந்து நிற்கிறாள். அந்தப் பக்கம் தகப்பன் எழுந்து நிற்கிறார். இருவருக்கும் நடுவில் றெயில் வருகிறது. பெட்டி பெட்டியாகப் போகிறது. ராத்தா பக்கத்தைத் திருப்பினார். வெறும் தாள். மறுபடியும் திருப்பினார். பின் அட்டை.

"மிச்சம் எங்க?" என்றார் அத்தான்.

"மிச்சம் இல்ல தம்பி. முடிஞ்சிட்டு."

"தொறந்தாரா, இல்லையா?"

"சொல்லல்ல!" ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு காலம் காத்திருந்த நான்! எழுதின மனிசன் கேற்றப் பூட்டிப்போட்டுத் திறப்பையும் கொண்டு போயிட்டானே!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அம்மாவாக இருக்க வேண்டும். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கிரியை வீட்டில் அப்படிச் சிரித்ததற்கு முற்றத்தில் நின்ற பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் இந்த மலர் வழியாக மன்னிப்புக் கேட்கிறோம். காரணம் இதுதான்.

சிரித்து ஓய்ந்தோம். அத்தியாயம் முடிந்தால் அக்கா பேசுகிற இடம் அது. ராத்தா படத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவளெண்டா என்ன சொல்லுவாள் தெரியுமா?" என்றார் அம்மா. "கேற்ற மறுகா பாப்பம், வெயிலுக்க நிக்கிற பிள்ளைக்கு முதல்ல சாப்பாடு குடுங்க எண்டுதான் சொல்லுவாள்."

வேறு ஒருவரும் பயன் சொல்லவில்லை. இலைகளைப் போட்டோம். அக்காவுக்குப் படைத்த பிறகு, முதற் பந்தியில் ராத்தாவை அம்மா தம் பக்கத்தில் இருத்தினார். அவருக்காக, படையலில் சேர்க்காமல், மரக்கறி மட்டும் தனிச் சட்டியில் வேறாகச் சமைத்திருந்தார்.

அக்காவின் வருத்த காலத்தில் பக்கத்தில் நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லுகிறது. இரவு பகல் பார்க்காமல் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், அம்மாவுக்கு மாறி மாறித் துணையிருந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், தையல் நின்ற பிறகும் பெருநாளுக்கு அக்காவுக்கென்று ஒரு சேலை அனுப்பிய கடை முதலாளிக்கும், என் பாடங்களைத் தாங்கள் எடுத்து என்னை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிய சக ஆசிரியர்களுக்கும், படுவான்கரையிலிருந்து வந்து பந்தல் போட்டு அடக்கம்வரை நின்ற உறவுகளுக்கும் நன்றி. அத்தானுக்கு நன்றி சொன்னால் ஏசுவார். ஆகவே எழுதி வைக்கிறேன். எனக்குப் பெயர் தெரியாத, எங்கேயோ இருந்து கதைகளை எழுதியவர்களுக்கும் நன்றி. அவர்களுடைய புத்தகங்கள் இல்லாவிட்டால் அக்காவை நான் பாதிதான் அறிந்திருப்பேன்.

ராத்தா இப்போதும் வருகிறார். ஞாயிறுகளில். நான் வாசிக்கிறேன், ராத்தா மரங்களைத் தாண்டச் சொல்லுகிறார், அம்மா முன்னறையிலேயே இருந்துகொண்டு, ஒன்றையும் விடக்கூடாது என்கிறார்.

முப்பத்தொன்று கழிந்த வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். ராத்தாவும் கூடவே வருவேன் என்று வந்தார். நூலகர் உள்ளட்டையில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, தவணை கழிந்து கனக்க நாளாயிற்றே என்றார். நடந்ததைச் சொன்னேன். "முதலே சொல்லியிருந்தா நீட்டித் தந்திருப்பனே தம்பி" என்று வருத்தப்பட்டார். விதி விதிதான், அவர் தண்டப்பணத்தைக் கூட்டிச் சொன்னார். நான் சட்டைப் பையில் கை வைத்தேன். ராத்தா என் கையைத் தடுத்தார்.

"இது ஒங்கட கடன் இல்ல தம்பி. ஒங்கட அக்காவும் நானும் ரெண்டு பேரும் சேந்துதான் சுணக்கின. ஆளுக்குப் பாதி."

அப்படியே செய்தோம். எழுபத்திரண்டு ரூபா. ராத்தாவின் பங்கு முப்பத்தாறு, அக்காவின் பங்கு முப்பத்தாறு.